கை கால் விழாத வாதம்

பக்கவாதத்துக்கென்றே ‘ஸ்ட்ரோக்’ என்ற ஆய்விதழ் 1970இல் அமெரிக்காவில் தொடங்கியது. அதன் முதல் தொகுதியிலேயே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் கட்டுரை ஒன்று வந்திருக்கிறது. வேலூரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் ஏறத்தாழ 2,58,000 பேர் வாழும் பகுதியில் ஜே. ஆபிரகாமும் சக ஆய்வாளர்களும் எடுத்த கணக்கு அது. லட்சம் பேரில் சுமார் 57 பேர் பக்கவாதத்தோடு வாழ்கிறார்கள் என்றும், ஆண்டுதோறும் லட்சத்துக்குச் சுமார் 13 பேருக்கு அது புதிதாக வருகிறது என்றும் அந்தக் கணக்கு சொன்னது. மருத்துவமனைப் பதிவேட்டை நம்பியிருக்காமல் மக்களிடையே போய் இந்நோயை எண்ணிப் பார்த்த இந்திய முயற்சிகளில் முன்னோடியானது இது. திருவண்ணாமலை அன்று தனி மாவட்டம் அல்ல. வேலூரைத் தலைமையிடமாகக் கொண்ட வடஆற்காடு மாவட்டத்துக்குள் இருந்தது. 1989இல்தான் பிரிந்தது. ஆகவே திருவண்ணாமலை மண்ணின் பக்கவாத வரலாற்றை எழுத உட்காருபவருக்குக் கைக்கு எட்டும் மிகப் பழைய எண்களில் இவையும் சேரும். ஆனால் அந்த ஆய்வு எதை எண்ணியது என்பதைக் கவனிக்க வேண்டும். மூளை இரத்தக் குழாய்க் கோளாறால் உடம்பின் ஒரு பாதி செயலிழந்தவர்களையே எண்ணியது. கட்டுரையின் தலைப்பே அதைத்தான் சொல்கிறது. ஒரு பக்கக் கையும் காலும் விழுந்தவர் கணக்கில் வந்தார். கை கால் விழாமல், தலை சுற்றி, குரல் கம்மி, தண்ணீர் விழுங்க முடியாமல், எதிரில் நிற்பவர் இரண்டு பேராகத் தெரிய, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவர் வந்திருக்க வழியில்லை. மூளைத்தண்டுக்குப் போகும் தமனி அடைத்தவர் பலரும் இந்த இரண்டாம் வகையினர்.

அந்த ஆய்வாளர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. வீடு வீடாகப் போகும் கணக்கெடுப்பாளர் ஒருவர் வாசலில் நின்றே அடையாளம் காணக்கூடிய குறி வேண்டும்; பாதி உடம்பு செயலிழந்திருப்பது அப்படிப்பட்ட குறி. அதைத் தேர்ந்தெடுத்தது சரியே. நான் சொல்ல வருவது வேறு. எண்ண எளிதான அந்த ஒரு குறி, மெல்ல மெல்ல நோயின் இலக்கணமாகவே ஆகிவிட்டது. மருத்துவர் மனத்திலும், கருவியின் வடிவமைப்பிலும், மக்களுக்கான விழிப்புணர்வுச் சுவரொட்டியிலும் அதுவே குடியேறியது. மூளைத்தண்டு அடைப்பு தாமதமாகக் கண்டறியப்படுவதற்குக் கருவிப் பற்றாக்குறையைத்தான் பொதுவாகக் காரணம் சொல்கிறார்கள். வரலாற்றைப் பார்த்தால் அது முழு உண்மையாகத் தெரியவில்லை. கருவிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே, நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் இந்த நோயைச் சரியாகக் கண்டிருக்கிறார்கள். பிறகு வந்த கருவிகள் சில, அந்தக் கண்ணை மங்கச் செய்தன. திருவண்ணாமலை போன்ற ஊருக்கு இது ஏட்டுச் செய்தி அல்ல என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்தக் குழாய்களைப் பார்த்துவிடலாம். மூளைக்கு நான்கு பெரிய தமனிகள் போகின்றன. கழுத்தின் முன்புறம் இரண்டு. அங்கே விரல் வைத்தால் துடிப்பு தெரியும். இவை மூளையின் பெரும்பகுதிக்கு இரத்தம் தருகின்றன. இவற்றின் கிளை அடைத்தால் எதிர்ப்பக்கக் கை கால் விழும், வாய் கோணும், பேச்சு போகும். மற்ற இரண்டும் பின்கழுத்து முள்ளெலும்புகளின் துளைகளுக்குள் புகுந்து ஏறி, மண்டையோட்டுக்குள் போனதும் ஒன்றாகச் சேர்கின்றன. சேர்ந்த குழாய்க்குப் பேசிலார் தமனி என்று பெயர். மூளைக்குப் போகும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் இந்தப் பின்வழியில் ஓடுகிறது. ஆனால் அது நனைக்கும் இடம், உயிர் குடியிருக்கும் இடம். கண்ணைத் திருப்புவது, முகத்தை அசைப்பது, விழுங்குவது, மூச்சு விடுவது, விழித்திருப்பது எல்லாவற்றின் கட்டுப்பாடும் கட்டைவிரல் பருமனே உள்ள மூளைத்தண்டில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறது. அதன் பின்னால் நடையையும் நிதானத்தையும் காக்கும் சிறுமூளை. எனவே இங்கே அடைப்பு வந்தால், எந்த இடத்தில் அடைத்தது என்பதைப் பொறுத்துக் குறிகள் மாறும். ஒரே முகத்தோடு வராது. எலும்புத் துளைக்குள் குழாய் போவதால் இன்னொரு ஆபத்தும் உண்டு. கழுத்தைச் சட்டென்று திருகினால் குழாயின் உட்சுவர் கிழிந்து, அங்கே இரத்தம் உறையலாம். முடிதிருத்தும் கடைகளில் வேலை முடிந்ததும் கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுத்துவிடும் பழைய வழக்கத்தை மருத்துவர்கள் வேண்டாம் என்பது இதனால்தான். இளவயதினருக்கு வரும் மூளைத்தண்டு அடைப்பில் இந்தக் கிழிசலுக்கு முக்கியப் பங்கு உண்டு.

இந்த நோயின் முதல் தெளிவான சித்திரத்தை நோயாளியே தந்தார். ஜெனீவாவில் காஸ்பார் வியூசோ என்ற மருத்துவர் இருந்தார். 1805இல் அந்த ஊரைத் தாக்கிய மூளைச்சவ்வுக் காய்ச்சலை விவரித்ததற்காக மருத்துவ வரலாற்றில் பெயர் பெற்றவர். சில ஆண்டுகளில் அவருக்கே நோய் வந்தது. தலைசுற்றல், குரல் கம்மல், விழுங்கச் சிரமம், முகத்தின் ஒரு பக்கமும் உடம்பின் மறுபக்கமும் சூடு குளிர் தெரியாமை. தமக்கு நேர்ந்ததை அவர் நுணுக்கமாகக் கவனித்துச் சொன்னார். அந்த விவரத்தை 1811இல் அலெக்சாந்தர் மார்செ லண்டனில் வெளியிட்டார். எந்தக் குழாய், மூளையின் எந்தப் பகுதி என்பதை அன்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதைச் சொன்னவர் அடால்ஃப் வாலன்பெர்க். டான்ஸிக் நகரத்தில், அதாவது இன்றைய போலந்தின் க்டான்ஸ்கில், தாம் பரிசோதித்த 38 வயது நோயாளி ஒருவரை 1895இல் அவர் விவரித்தார். ஏறத்தாழ அதே குறிகள். முகத்தில் எங்கே உணர்வு போயிருக்கிறது, உடம்பில் எங்கே போயிருக்கிறது, தொண்டையின் எந்தப் பக்கம் தளர்ந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு, முகுளத்தின் பக்கவாட்டில் இன்ன இடம் பழுதாகியிருக்க வேண்டும், இன்ன தமனி அடைத்திருக்க வேண்டும் என்று எழுதிவைத்தார். அந்த நோயாளி சில ஆண்டுகளுக்குப் பின் இறந்தார். 1901இல் வாலன்பெர்க் பிணப் பரிசோதனை முடிவை வெளியிட்டார். அவர் சொன்ன இடத்திலேயே பழுது இருந்தது. எக்ஸ்ரேயே அப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. ஊசி, பஞ்சு, வெந்நீர், தண்ணீர், நோயாளியின் பதில்கள், பிறகு பொறுமை. இவ்வளவைக் கொண்டே மண்டைக்குள் சில மில்லிமீட்டர் இடத்தைச் சுட்டிக்காட்ட முடிந்திருக்கிறது. மூளைத்தண்டின் நெருக்கடியே இங்கே மருத்துவருக்குத் துணை நின்றது: அக்கம்பக்கத்து நரம்புகள் சேர்ந்து பழுதாகும்போது, அந்தச் சேர்க்கையே முகவரியைச் சொல்லிவிடும்.

அப்படியிருந்தும் பேசிலார் தமனியே அடைத்துப்போவதை உயிரோடு இருக்கும்போது கண்டறியலாம் என்ற நம்பிக்கை மருத்துவ உலகத்துக்கு வர இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. 1946இல் பாஸ்டன் மருத்துவர்கள் சார்லஸ் கியூபிக்கும் ரேமண்ட் ஆடம்சும் ‘பிரெய்ன்’ இதழில் 18 பேரின் கதையை எழுதினார்கள். பேசிலார் அடைத்து இறந்தவர்கள். பிணப் பரிசோதனையில் உறுதியானது. நோயாளி நினைவு மங்குவதும், கண்மணி மாறுவதும், பேச்சு குழறுவதும், நான்கு கை கால்களும் தளர்வதும் எந்த வரிசையில் வருகின்றன என்று அவர்கள் காட்டினார்கள். இனி இதைப் பிணவறைக்கு முன்பே அறியலாம் என்பது அந்தக் கட்டுரையின் பயன். ஆனால் அதுவே ஒரு தீங்கையும் செய்தது என்று நினைக்கிறேன். 18 பேரும் இறந்தவர்கள் என்பதால், பேசிலார் அடைப்பென்றால் சாவு என்ற எண்ணம் பாடநூல்களில் ஊறிவிட்டது. 1966இல் பிளம், போஸ்னர் ஆகிய இருவர் இன்னொரு கொடிய நிலைக்குப் பெயர் வைத்தார்கள்: முழு நினைவோடு இருக்கிறார், எல்லாம் கேட்கிறார், ஆனால் கண்ணை மேலும் கீழும் அசைப்பதைத் தவிர வேறெதுவும் முடியாமல் உடம்புக்குள் பூட்டப்பட்டிருக்கிறார். இத்தகைய முடிவுகளையே படித்த மருத்துவர், தொடக்கத்தைத் தேடப் பழகவில்லை. தொடக்கமோ பெரும்பாலும் சாதாரணமாக இருக்கும். பேசிலார் அடைத்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு, முழு அடைப்புக்குச் சில மணி நேரமோ சில நாளோ முன்னதாகவே வந்து போகும் தலைசுற்றல், தலைவலி, இரட்டைப் பார்வை, நாக்குக் குழறல் போன்ற முன்னறிகுறிகள் இருந்ததைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. கதவு திறந்திருக்கும் நேரம் அதுதான்.

நம் பக்கத்தில் நவீன நரம்பியல் வளர்ந்த கதையும் இந்த இடத்தில் சேர்கிறது. மான்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூரில் நாட்டின் முதல் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். 1951இல் இருவரும், எஸ்.டி. நரசிம்மனும் பல்தேவ் சிங்கும் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தை அமைத்தார்கள். தமிழ் நாட்டார் பெருமைப்பட வேண்டிய வரலாறு இது. அன்றைய வடஆற்காட்டுக் கிராமத்து நோயாளிக்கு, பம்பாயோ டெல்லியோ தராத சிகிச்சை வேலூரில் கிடைத்தது. திருவண்ணாமலையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர்தான். ஆனால் நரம்பியல் இங்கே அறுவை அரங்கின் வாசல் வழியாக நுழைந்தது என்பதும் உண்மை. கட்டி, சீழ்க்கட்டு, தலைக்காயம் போன்ற, கத்தியால் தீர்க்கக்கூடிய நோய்களுக்கு முதலிடம் கிடைத்தது. அப்போது மூளை இரத்தக் குழாயைப் படம் பிடிக்க இருந்த ஒரே வழி, 1927இல் எகாஸ் மோனிஸ் லிஸ்பனில் தொடங்கிய மருந்தேற்றும் எக்ஸ்ரே முறை. கழுத்தின் முன்புறத் தமனியில் நேரடியாக ஊசி குத்துவது பழகிய கைக்கு எளிது. எலும்புக்குள் ஒளிந்து போகும் பின்புறத் தமனியில் குத்துவது கடினம், ஆபத்தும் கூடுதல். ஆகையால் உலகமெங்கும் நெடுநாள் முன்வழியின் படங்களே குவிந்தன. எந்தப் பகுதியின் படம் கையில் இருக்கிறதோ அந்தப் பகுதியின் நோயே மாணவருக்குக் கற்பிக்கப்பட்டது. வேலூர்க் கணக்கெடுப்பு பாதி உடம்பு செயலிழப்பைக் குறியாகக் கொண்டது இந்தப் பின்னணியில்தான்.

பிறகு சிடி ஸ்கேன் வந்தது. காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய கருவியில் 1971 அக்டோபரில் லண்டனில் முதல் நோயாளியின் மூளை படமெடுக்கப்பட்டது. 1979இல் நோபல் பரிசு. மூளைக்குள் இரத்தக் கசிவா, அடைப்பா என்பதை நிமிடங்களில் பிரித்துக் காட்டிய கருவி அது. அதன் அருமையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் மூளைத்தண்டின் இருபுறமும் காதெலும்பின் கெட்டியான பகுதி நிற்கிறது. எக்ஸ்ரே கதிரை அந்த எலும்பு மிகுதியாக உறிஞ்சிவிடுவதால், சிடி படத்தில் மூளைத்தண்டின் குறுக்கே கோடுகள் விழுகின்றன. அடைப்பு வந்த முதல் சில மணி நேரத்தில் திசுவில் ஏற்படும் மாற்றமும் சிடியில் அரிதாகவே தெரியும். இரண்டும் சேர்ந்தால், பேசிலார் அடைத்துக்கொண்டிருக்கும் ஒருவரின் சாதாரண சிடி படம் பழுதில்லாததுபோல் வரக்கூடும். ‘ஸ்கேன் நார்மல்’ என்ற இரண்டு வார்த்தை கேட்டு உறவினர் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள், ஆட்டோ கூப்பிடுகிறார்கள். இரத்தக் கசிவு இல்லை என்பதற்குத்தான் அந்தப் படம் சாட்சி. அடைப்பு இல்லை என்பதற்கு அல்ல. எம்ஆர்ஐ இதைவிடப் பல மடங்கு மேல். ஆனாலும் முதல் இரண்டு நாளுக்குள் எடுத்த எம்ஆர்ஐயும் மூளைத்தண்டு அடைப்புகளில் சிலவற்றைத் தவறவிடுகிறது. ஒரு ஊரில் கருவி வந்துவிட்டதால் மட்டும் இந்த நோய் சீக்கிரம் பிடிபட்டுவிடாது என்று நான் சொல்வது இதனால்தான். சிரை வழியாக மருந்து ஏற்றி எடுக்கும் சிடி ஆஞ்சியோகிராம் அடைப்பை நேரடியாகக் காட்டும். ஆனால் அதை எடுக்க வேண்டும் என்று யாராவது ஒருவருக்கு முதலில் தோன்ற வேண்டும்.

திருவண்ணாமலையில் அப்படித் தோன்றுவது எளிதல்ல. இந்த ஊரில் தலைசுற்றலுக்கு அத்தனை நியாயமான காரணங்கள் இருக்கின்றன. பௌர்ணமி தோறும், கார்த்திகைத் தீபத்தில் இன்னும் பன்மடங்காக, லட்சக்கணக்கானோர் மலையைச் சுற்றுகிறார்கள். சுமார் 14 கிலோமீட்டர், வெறுங்கால், பெரும்பாலும் இரவு. பலர் விரதம், பலர் பேருந்தில் நெடுந்தூரம் வந்து தூங்காமல் நடப்பவர்கள், முதியவர்கள் ஏராளம், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை போடுபவர்கள், அன்றைக்கு மட்டும் போடாதவர்கள், சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் போட்டவர்கள். கிரிவலப் பாதையில் ஒருவர் கிறுகிறுத்து உட்கார்ந்தால் பட்டினி, களைப்பு, வெயில், பித்தம் என்று பக்கத்தில் இருப்பவர்கள் வரிசையாகச் சொல்வார்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கும். உடனே சோடா, எலுமிச்சைச் சாறு, காப்பி என்று எதையாவது வாயில் ஊற்றுவார்கள். அன்பில் செய்வதுதான். ஆனால் மூளைத்தண்டு அடைப்பு வந்தவரின் தொண்டை விழுங்கும் திறனை இழந்திருக்கலாம். ஊற்றியது நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாக மாறும். இத்தகைய நோயாளிகள் பலர் அடைப்பில் தப்பி, நுரையீரல் தொற்றில் இறந்திருக்கிறார்கள். ஊரின் வழக்கமும் நோயின் இயல்பும் மோதிக்கொள்ளும் புள்ளி இது.

சித்த மருத்துவ மரபில் இதற்கு விடை இருந்ததா என்று கேட்பவர்கள் உண்டு. இடைக்காட்டுச் சித்தரோடு தொடர்புபடுத்தப்படும் தலம் என்பதால் இந்த ஊரில் அந்தக் கேள்விக்குத் தனி வலுவும் உண்டு. யூகி வைத்திய சிந்தாமணி வாத நோய்களை எண்பது வகையாகப் பிரிக்கிறது. நோயறிய எண்வகைத் தேர்வு என்ற முறை இருந்தது: நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். இவற்றுள் நா, மொழி, விழி ஆகிய மூன்றும் மூளைத்தண்டு அடைப்பில் முதலில் பாதிக்கப்படுபவை. இதைக் கொண்டு நம் முன்னோர் பேசிலார் அடைப்பை அறிந்திருந்தார்கள் என்று சொன்னால் அது பொய். விழித் தேர்வில் அவர்கள் கண்ணின் நிறத்தையும் ஈரத்தையும் பார்த்தார்கள். பார்வை நகரும் விதத்தை இன்றைய நரம்பியலார் பார்ப்பதுபோல் பார்க்கவில்லை. தமனி அடைப்பு என்ற கருத்தே வேறு மரபிலிருந்து வந்தது: 1658இல் ஸ்விட்சர்லாந்தின் யோஹான் வெப்ஃபரும், 1664இல் மூளையடித் தமனி வளையத்தை விவரித்த தாமஸ் வில்லிஸும் உடலை அறுத்துப் பார்த்துச் சொன்னது அது. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். நோயாளி வந்ததும் நாக்கை நீட்டச் சொல்வதும், பேசவிட்டுக் கேட்பதும், கண்ணை உற்றுப் பார்ப்பதும் இந்த மண்ணின் வைத்தியருக்கு அந்நியமான பழக்கம் அல்ல. மூளைத்தண்டு அடைப்பைக் கண்டறிய வேண்டிய ஒழுக்கமும் அதே வகையானதுதான். பார்க்க வேண்டியது எது என்பது மட்டும் புதிது.

இங்கே ஓர் எதிர்வாதம் வரும். தலைசுற்றலோடு அவசரப் பிரிவுக்கு வருபவர்களில் நூற்றுக்குச் சுமார் நான்கைந்து பேருக்குத்தான் பக்கவாதம். மற்றவர்களுக்குக் காதின் உள்பகுதிக் கோளாறு, சர்க்கரை குறைவு, நீரிழப்பு போன்றவை. எல்லோரையும் வேலூருக்கோ சென்னைக்கோ அனுப்பினால் ஆம்புலன்சும் போதாது, ஸ்கேனும் போதாது. இது கனமான வாதம். அதனால்தான் பிரித்தறியும் கலை முக்கியமாகிறது. 2009இல் அமெரிக்காவின் ஜார்ஜ் கட்டாவும் டேவிட் நியூமன்-டோக்கரும் உடன் பணியாற்றியவர்களும், விடாமல் தலைசுற்றும் 101 பேரிடம் மூன்று கண் பரிசோதனைகளைச் செய்தார்கள். தலையைச் சட்டெனத் திருப்பும்போது பார்வை நிலைக்கிறதா, கண் துடிப்பு பார்க்கும் திசைக்கேற்ப மாறுகிறதா, ஒரு கண்ணை மூடித் திறக்கும்போது கண் மேல்கீழாக நகர்ந்து சரிசெய்துகொள்கிறதா என்பவை அவை. சில நிமிட வேலை. பக்கவாதம் இருந்தவர் அனைவரையும் அது பிடித்தது. முதலில் எடுத்த எம்ஆர்ஐ அவர்களில் 12 சதவீதம் பேரைத் தவறவிட்டிருந்தது. வாலன்பெர்க் 1895இல் செய்ததன் தொடர்ச்சியாகவே இதை நான் பார்க்கிறேன். ஆனால் அவர்கள் பழுத்த நரம்பியலாளர்கள். அதே பரிசோதனையைப் பயிற்சி குறைந்தவர்கள் செய்யும்போது துல்லியம் குறைகிறது என்பதையும் பிந்தைய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தாலுகா மருத்துவமனையின் இரவுப் பணி மருத்துவரிடம் அந்தத் தேர்ச்சியை எதிர்பார்ப்பது அநியாயம். அவரிடம் எதிர்பார்க்கக்கூடியது ஒன்று உண்டு: நோயாளியை எழுந்து உட்காரவும் நிற்கவும் நாலடி நடக்கவும் சொல்வது. காதுக் கோளாறுக்காரர் வாந்தி எடுத்தாலும் தட்டுத்தடுமாறி நடந்துவிடுவார். பிடிப்பில்லாமல் உட்காரவே முடியாதவர், நிற்க வைத்தால் மரம்போல் சாய்பவர், சிறுமூளையிலோ மூளைத்தண்டிலோ பழுதுள்ளவராக இருக்க வாய்ப்பு மிக அதிகம். படுக்கையிலேயே ஊசி போட்டுப் படுக்கையிலேயே வீட்டுக்கு அனுப்புவதில்தான் இந்தக் குறி தவறிப்போகிறது.

இன்னொரு எதிர்வாதம் பொதுச் சுகாதாரத் துறையினருடையது. முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல், உடனே ஆம்புலன்ஸ் என்று சுருக்கமாக இருந்தால்தான் மக்கள் நினைவில் நிற்கும். நீட்டினால் குழப்பம் என்பார்கள். இங்கிலாந்தில் 1990களின் இறுதியில் உருவான இந்த மூன்று குறிச் சூத்திரம் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. அதை மாற்ற வேண்டாம். ஆனால் அது முன்வழித் தமனிகளுக்காக அமைந்த வலை என்பதை மறக்க முடியாது. அமெரிக்காவில் 2017இல் வெளியான ஆய்வொன்றில், அடைப்பு வகைப் பக்கவாதம் வந்தவர்களில் 14 சதவீதம் பேருக்கு அந்த மூன்று குறிகளில் ஒன்றுகூட இருக்கவில்லை. நடையும் பார்வையும் சேர்க்கப்பட்டபோது தவறவிடப்பட்டவர்கள் 4 சதவீதமாகக் குறைந்தார்கள். 2016இல் வெளியான இன்னொரு ஆய்வு இதைவிடக் கவலை தருவது: முன்வழிப் பக்கவாதத்தை அவசரப் பிரிவு மருத்துவர்கள் 16 சதவீதம் பேரிடம் தவறவிட்டார்கள்; பின்வழியில் 37 சதவீதம். அமெரிக்க மருத்துவமனைகளின் கதையே இது. கூடுதலாக இரண்டு சொற்களை மனத்தில் வைக்க மக்களால் முடியாது என்று நினைப்பது மக்களைக் குறைத்து மதிப்பிடுவது.

நெடுங்காலம் பதிலில்லாமல் நின்ற எதிர்வாதம் ஒன்று உண்டு. கண்டறிந்தும் என்ன செய்ய முடியும் என்பது. 1946இல் அது நியாயமான கேள்வி. 1980களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஆஹென் நகரில் ஹெர்மன் சோய்மரின் குழு, அடைத்த பின்வழித் தமனிக்குள்ளேயே குழாயைச் செலுத்தி ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தால் உறைகட்டியைக் கரைத்துக் காட்டியது. மூளைத் தமனி அடைப்பைத் திறக்கும் சிகிச்சையின் தொடக்கப் படிகளில் ஒன்று, மருத்துவர்கள் கைவிட்டிருந்த இந்த நோயிலேயே எடுத்துவைக்கப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. 1995இல் சிரை வழி உறைவு கரைப்பு மருந்து மூன்று மணி நேரத்துக்குள் பயன் தரும் என்று நிறுவப்பட்டது. 2008இல் அது நாலரை மணியானது. உறைகட்டியைக் குழாய் வழியாகவே எடுத்துவிடும் சிகிச்சை வந்ததும், பேசிலாருக்கு அது உதவுமா என்ற கேள்விக்கு 2020இலும் 2021இலும் வந்த இரண்டு ஆய்வுகள் தெளிவான விடை தரவில்லை. சாகக் கிடப்பவரைச் சீட்டுக் குலுக்கி ‘உனக்குச் சிகிச்சை இல்லை’ என்று ஒதுக்க மருத்துவர்களுக்கும் குடும்பங்களுக்கும் மனம் வராததும் அதற்கு ஒரு காரணம். 2022 அக்டோபரில் சீனாவிலிருந்து வந்த இரண்டு ஆய்வுகள் விடையைத் தந்தன. அடைப்பு வந்த 12 மணி நேரத்துக்குள் கட்டி எடுக்கப்பட்ட ஆய்வில், தாமாக நடக்கும் அளவுக்காவது தேறியவர்கள் 46 சதவீதம். மருந்து மட்டும் பெற்றவர்களில் 23 சதவீதம். இறப்பு 55 சதவீதத்திலிருந்து 37 ஆகக் குறைந்தது. மற்றதில் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் சிகிச்சை. அங்கும் 46க்கு எதிராக 24. மூளைத் தமனி நோய்களில் இவ்வளவு பெரிய வேறுபாடு அபூர்வம்.

24 மணி நேரம் என்ற எல்லை திருவண்ணாமலைக்கு என்ன சொல்கிறது என்று யோசித்தால், தூரம் இனி முதல் எதிரி அல்ல. வேலூர் இரண்டு மணி நேரம், புதுச்சேரி அதைவிடச் சற்றுக் கூடுதல், சென்னை நாலு மணி நேரம். 108 ஆம்புலன்ஸ் 2008இல் வந்தது. அரசு மருத்துவக் கல்லூரி 2013இல் வந்தது. மாநிலத்தின் அவசர சிகிச்சைத் திட்டத்தில் பக்கவாதமும் சேர்க்கப்பட்டது. நேரம் இருக்கிறது என்பதற்காக மெத்தனம் கூடாது. ஒவ்வொரு மணி நேரமும் மூளைத் திசு செத்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் இந்த நோயாளிகள் பெரும்பாலும் சாலையில் நேரத்தை இழப்பதில்லை. ‘பித்தம்’ என்று வீட்டில் கிடந்த இரவிலும், ‘ஸ்கேன் நார்மல்’ என்று திருப்பி அனுப்பப்பட்ட மாலையிலும் இழக்கிறார்கள். அந்த இழப்பைக் குறைக்கப் புதுக் கட்டடம் தேவையில்லை. தீபத் திருவிழாவின் மருத்துவ முகாமிலும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும், தலைசுற்றல் என்று வருபவருக்கு முதலில் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்த கையோடு, விரலைக் காட்டிக் கண்ணைத் தொடரச் சொல்ல வேண்டும். ஒரு வாக்கியம் பேசச் சொல்ல வேண்டும். எழுப்பி நடக்கச் சொல்ல வேண்டும். மூன்றில் ஒன்று பிசகினாலும் வாயில் எதையும் ஊற்றாமல் அனுப்ப வேண்டும். அனுப்பும் சீட்டில் ‘மூளைத்தண்டு அடைப்பு சந்தேகம், கடைசியாக நன்றாக இருந்த நேரம் இன்னது, தமனிப் படம் தேவை’ என்று எழுத வேண்டும். அடுத்த முறை இந்த மாவட்டத்தில் யாராவது வீடு வீடாகப் போய்ப் பக்கவாதத்தை எண்ணுவார்களானால், கை கால் விழுந்ததா என்ற கேள்விக்குக் கீழே இன்னும் இரண்டு கேள்விகள் அவர்கள் படிவத்தில் இருக்க வேண்டும்: திடீரென்று நடை தள்ளாடியதா, திடீரென்று இரண்டிரண்டாகத் தெரிந்ததா.